கோடியக்கரை, வேதாரண்யம், முத்துப்பேட்டை: நீர்மட்டம் பார்த்துப் பயணம் வகுக்கும் முறை

சோழமண்டலக் கடற்கரை சென்னையிலிருந்து தெற்கே இறங்கி வந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் முனையில் இருக்கும் ஊர்தான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடாவும் தெற்கே பாக் நீரிணையும் சூழ, வேதாரண்யத்திலிருந்து திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை வரையிலும், அதற்கு அப்பால் அதிராம்பட்டினம் வரையிலும் நீளும் இந்தக் கரை, காவிரிப் படுகை கடலோடு கலக்கும் கடைசி நிலம். பெரிய நகரம் எதுவும் இல்லாத, வயலும் உப்பளமும் மீனவர் குப்பங்களும் சதுப்பும் அடுத்தடுத்து அமைந்த நாட்டுப்புறப் பகுதி இது.

கோடியக்கரைக்குப் போய்ப் பறவையைக் காணாமல் திரும்பியதாகச் சொல்பவர்களை அடிக்கடி சந்திக்க முடிகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. போன மாதம் சரியில்லை, அல்லது மாதம் சரியாக இருந்தும் நின்ற இடம் சரியில்லை. ஒரே சதுப்பு நவம்பரில் கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பாகவும், பிப்ரவரியில் சேறும் குட்டையுமாகவும், மே மாதத்தில் உப்பு பூத்த வெடிப்பு நிலமாகவும் கிடக்கும். ஆகவே இங்கு வருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதத்தை. அதன் பிறகே இடங்களை. நீர் எப்போது எங்கே நிற்கும் என்பது புரிந்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

நிலம் எப்படிக் கிடக்கிறது

வேதாரண்யம் வட்டாரத்தைத் தட்டையான நிலம் என்று சொல்லிவிடுவது வழக்கம். நடந்து பார்த்தால் அப்படியில்லை. பழங்காலத்தில் கடல் படிப்படியாகப் பின்வாங்கியபோது அலைகள் குவித்துவிட்டுப் போன மணல் மேடுகள் இங்கே வரிசை வரிசையாக நீள்கின்றன. அவற்றுக்கு இடையே தாழ்வான களிமண் பள்ளங்கள் இருக்கின்றன. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் போன்ற ஊர்களின் வீடுகளும் தோட்டங்களும் மேடுகளின் மீதும், நெல்வயல்கள் பள்ளங்களிலும் இருப்பதைப் பேருந்தில் போகும்போதே கவனிக்கலாம். மேட்டு மணலில் இறங்கிய மழைநீர் அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால், கடலுக்கு மிக அருகிலும் ஆழமில்லாக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மாவும் தென்னையும் முந்திரியும் முல்லைப்பூவும் புகையிலையும் இந்த வட்டாரத்தில் விளைவதற்கு அந்த மெல்லிய நன்னீர்ப் படலமே ஆதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும் என்பதை அறிந்தே, விவசாயிகள் ஆழ்துளைக் கிணற்றை விடவும் அகலமான குட்டைகளையே பெரிதும் நம்பி வந்திருக்கிறார்கள்.

மணல் மேடுகளுக்குத் தெற்கே இருப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கோடியக்கரையிலிருந்து மேற்கு நோக்கி, பாக் நீரிணைக்கு இணையாகச் சுமார் 48 கி.மீ. நீளத்துக்கு இது கிடக்கிறது. கடலுக்கும் இதற்கும் நடுவே ஒரு மணல் திட்டு மட்டுமே தடுப்பு. இந்தக் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், சதுப்பின் நீர்மட்டத்தைப் பெரும்பாலும் மழையும் காற்றுமே தீர்மானிக்கின்றன. ஆழம் குறைந்த நீராகையால் பலத்த காற்று ஒரு பக்கத்து நீரை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். காலையில் சேறாக இருந்த இடத்தில் மாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது இங்கே புதுமையல்ல.

சதுப்பின் மேற்குப் பகுதியில், பாமணியாறு, கோரையாறு, கந்தபரிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரைக்காகோரையாறு ஆகிய காவிரியின் கடைமடை ஆறுகள் வந்து சேரும் இடத்தில் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும் அமைந்திருக்கின்றன. கோடியக்கரைக் காடு, பெருஞ்சதுப்பு, முத்துப்பேட்டை ஆகிய மூன்றும் சேர்ந்த 385 சதுர கி.மீ. பரப்பு 2002-ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்றிருந்த ஒரே இடம் இதுதான்.

மழையும் காற்றும்

தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கரைக்கு வறண்ட மேல்காற்றுதான் வந்து சேர்கிறது. மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். மணலை வாரி முகத்தில் அறையும் அந்தக் காற்றில் கடற்கரையில் நிற்பது கடினம். அக்டோபர் நடுவில் காற்று திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வாடையாகவும் கொண்டலாகவும் வீசத் தொடங்கும்போதுதான் இங்கே மழைக்காலம் பிறக்கிறது. ஆண்டு மழை சராசரியாக 1,300 மி.மீ. அளவில் இருக்கும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதங்களில் பெய்துவிடுகிறது. மழை நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானால் 2 அல்லது 3 நாட்கள் விடாமல் கொட்டும். பிறகு பளிச்சென்று வெயில் அடிக்கும்.

புயல் இந்தக் கரையின் வாழ்க்கையில் ஒரு பகுதி. 1977 நவம்பர்ப் புயலைப் பெரியவர்கள் இன்னும் நாள் சொல்லிப் பேசுவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் சாய்த்தது. கோடியக்கரைக் காட்டில் முதிர்ந்த மரங்கள் பலவற்றை வேரோடு பெயர்த்தது. மான்களும் பறவைகளும் பெருமளவில் மடிந்தன. இன்று காட்டுக்குள் போகிறவர்கள் திடீரென்று வானம் திறந்துகொள்ளும் வெற்றிடங்களைக் காண்பார்கள். ஒரு காலத்தில் அங்கெல்லாம் மரக்கிளைகளின் கவிகை மூடியிருந்தது.

எந்த மாதத்தில் எதற்காக வருவது

வெளிநாட்டுப் பறவைகள் செப்டம்பர் இறுதியிலிருந்தே வரத் தொடங்கினாலும், அவற்றைப் பார்ப்பதற்கு மழைக்காலத்தின் நடுப்பகுதி நல்ல காலமல்ல. காரணம் எளிது. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் தங்கள் கால் உயரத்துக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில் இரை தேட முடியாது. நவம்பரில் சதுப்பு நிரம்பி வழியும்போது அவை எங்கெங்கோ சிதறிவிடுகின்றன. மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியிலிருந்து நீர் வடிய வடிய, எஞ்சிய ஆழமற்ற நீரிலும் ஓரச் சேற்றிலும் புழுவும் இறாலும் செறிந்துவிடுகின்றன. சிதறிய பறவைகளும் அந்த ஓரங்களுக்கே திரண்டு வருகின்றன. ஆகவே ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவர்கள் ஜனவரித் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பகல் வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும். விடியற்காலையில் மெல்லிய குளிரும் சில நாட்களில் பனிமூட்டமும் உண்டு.

காட்டுப் பறவைகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தக் கணக்குச் சற்று மாறும். ஆறுமணிக் குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் அக்டோபரிலேயே கோடியக்கரைக் காட்டுக்கு வந்துவிடுகின்றன. அந்த மாதத்தின் முற்பகுதியில், பெருமழைக்கு முன்பு வருவது அவர்களுக்குப் பொருந்தும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. குஞ்சுகள் விடப்படும் நாளை முன்கூட்டிக் குறிக்க முடியாது. வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து வைத்தால், வாய்ப்பிருக்கும் நாளில் தகவல் கிடைக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் சதுப்பு வறண்டு, வெயில் சுட்டெரிக்கும். ஆனால் உப்பளங்களில் உற்பத்தி முழு வீச்சில் நடப்பதைப் பார்க்க அதுவே காலம், மாம்பழமும் அப்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைகளில் வழக்கமான பரபரப்பு இராது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மேல்காற்றுக் காலத்தை, தனிப்பட்ட காரணம் ஏதும் இல்லாதவர்கள் தவிர்த்துவிடலாம்.

தேதியை முடிவு செய்யும் முன் பஞ்சாங்கத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து நீராட, ஆதிசேது என்று போற்றப்படும் கோடியக்கரைக் கடலுக்கும் வேதாரண்யம் கடலுக்கும் ஆயிரக்கணக்கில் மக்கள் வருவார்கள். அந்த நாட்களில் அமைதியாகப் பறவை பார்க்கும் எண்ணம் ஈடேறாது. தங்க அறையும் கிடைக்காது. மாறாக, அந்தக் கூட்டத்தையே காண விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

வந்து சேர்வதும் தங்குவதும்

வேதாரண்யத்தைத் தங்குமிடமாகக் கொள்வதே வசதி. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாகத் தெற்கே சுமார் 55 முதல் 60 கி.மீ. தூரம் பேருந்தில் வரலாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடப்பதால் அந்தச் சாலையில் நெரிசல் மிகுந்திருக்கும். மேற்கிலிருந்து வருபவர்கள் திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டிக்கு வந்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ தொடரலாம். மீட்டர் பாதைக் காலத்தில் ரயில் கோடியக்கரை வரைக்குமே ஓடியது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரையிலான 37 கி.மீ. பகுதி அகலப் பாதையாக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் ரயில் மீண்டும் வந்தது. வயலும் குட்டையும் உப்பளமும் மாறி மாறி வரும் இந்தப் பாதை, நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள ஏற்ற வழி. ஓடும் ரயில்கள் சிலவே என்பதால், திரும்பும் நேரத்தை வந்து இறங்கிய நிலையத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கி.மீ. தூரம். பேருந்துகள் உண்டு என்றாலும் விடியுமுன் காட்டோரம் போய்ச் சேர அவை உதவா. முந்தைய நாள் மாலையிலேயே ஆட்டோவோ காரோ பேசி வைத்துவிடுவது நல்லது. கோடியக்கரையிலேயே தங்க விரும்புவோருக்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. குளிர்கால வார இறுதிகளில் அங்கே இடம் கிடைப்பது அரிது. வனத்துறையிடம் பல நாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். இது இலங்கைக்கு எதிரே உள்ள எல்லைக் கடற்கரை. சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வதே முறை.

சரணாலயத்தில் ஒரு காலை

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தது பறவைகள் அல்ல, வெளிமான்கள். திறந்த புல்வெளியில் மட்டுமே வாழக்கூடிய இந்த மான், தென்னிந்தியக் கடற்கரையில் இவ்வளவு எண்ணிக்கையில் காணக்கிடைக்கும் இடங்கள் அரிது. காட்டுக்கும் சதுப்புக்கும் இடையே உள்ள புல்வெளியில் காலை வெயில் ஏறுவதற்குள் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். 9 மணிக்கு மேல் நிழலைத் தேடி ஒதுங்கிவிடும்.

வண்டியை நிறுத்தியதும் கதவை ஓசையுடன் திறந்து இறங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. எஞ்சினை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் உள்ளேயே அமர்ந்திருந்தால், தலையை உயர்த்திப் பார்த்த மந்தை மீண்டும் மேயத் தொடங்கும். அதன் பிறகு தொலைநோக்கியில் நிதானமாகப் பார்க்கலாம். முதிர்ந்த கிடாவின் முதுகும் பக்கங்களும் கரும்பழுப்பாகவும், வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெண்மையாகவும் இருக்கும். முறுக்கிய கொம்புகள் மேல்நோக்கி விரிந்து நிற்கும். பெண் மான்களுக்கும் குட்டிகளுக்கும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். பெண்ணுக்குப் பொதுவாகக் கொம்பில்லை. இளங்கிடாக்கள் பழுப்பிலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பதால், ஒரே மந்தையில் நிறத்தை வைத்தே வயதை ஓரளவு கணிக்க முடியும். அருகே போக அனுமதி இருக்கும் இடத்திலும் நேராக நடந்து போகக் கூடாது. நேரே வருபவரைக் கண்டால் ஒரு பெண் மான் காற்றில் எம்பிக் குதிக்கும். மறுகணம் மந்தை முழுவதும் ஓடிவிடும்.

இதே புல்வெளியில் மேயும் மட்டக்குதிரைகள் காட்டு விலங்குகள் அல்ல. மனிதர் வளர்ப்பிலிருந்து விடுபட்டு, தலைமுறை தலைமுறையாகத் தாமே பெருகியவை. பார்க்க அழகாக இருந்தாலும் மானுக்கு வேண்டிய புல்லுக்கும் கோடைக்கால நீருக்கும் அவை போட்டியாக இருக்கின்றன. அதைவிடப் பெரிய கேடு சீமைக்கருவேலம். புல்வெளியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி முன்னேறும் அந்தப் புதர், ஓடித் தப்புவதையே பாதுகாப்பாகக் கொண்ட வெளிமானின் வாழிடத்தைச் சுருக்கிவிடுகிறது. வனத்துறை அதை வெட்டி அகற்றிய இடங்களில் புல் மீண்டிருப்பதையும், அகற்றாத இடங்கள் முட்காடாக நிற்பதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க முடியும். வழிகாட்டியாக வருபவரிடம் இந்த இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது; சரணாலயத்தின் இன்றைய நிலை அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

காட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. கடற்கரை மணலில் இந்த வகைக் காடு எஞ்சியிருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் சிலவே. உயரம் அதிகமில்லை. பாலை மரங்களும் நாவலும் புதர்களும் பின்னிக் கிடக்கும். இலைகள் தடித்தும் பளபளப்பாகவும் இருப்பது உப்புக்காற்றையும் நீண்ட கோடையையும் தாங்குவதற்காக. காட்டுக்குள் போகும் பாதையில் இராமர் பாதம் என்னும் சிறு மேடு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயரமான இதுவே முனையின் மிக உயர்ந்த இடம். அந்தச் சில மீட்டர் ஏறியதும் காடும் சதுப்பும் ஒருசேரத் தெரிவதிலிருந்து சுற்றிலும் நிலம் எவ்வளவு தாழ்வானது என்பதை உணரலாம். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி ஆகியவையும் இங்கு உண்டு. குரங்குகளுக்கு எதையும் கொடுக்கக் கூடாது.

பறவைகளுக்கு மாலை நேரத்தை ஒதுக்க வேண்டும். உப்பளங்களுக்குக் கடல்நீர் ஏற்றும் பகுதிகளையும் சதுப்பின் ஓரங்களையும் சுற்றிலும் அவை கூடும். வனத்துறையின் அனுமதியும், அன்றைய நீர்மட்டம் அறிந்த உள்ளூர் வழிகாட்டியும் இன்றிப் போவதில் பயனில்லை, ஏனெனில் நேற்று பறவை நின்ற இடத்தில் இன்று நிற்கும் என்பது உறுதியில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னே இருக்குமாறு நின்றால்தான் நிறங்கள் துலங்கும். பூநாரைகள் தூரத்தில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். தொலைநோக்கியில் பார்த்தால் அவை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேல்பாகம் சேற்றை நோக்கி இருக்கும்படி வைத்து, கால்களால் சேற்றைக் கிளறிக் கிளறி நீரை வடிகட்டி உண்பதைக் காணலாம். சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து, ஆலாக்கள் எனப் பல இனங்கள் ஒரே பார்வைக்குள் வரும். அவற்றின் காலடியில் ஓடித் திரியும் சிறு உள்ளான்களைத் தவறவிடக் கூடாது. வட ஆசியாவின் பனிவெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை அவற்றுள் பல.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை ஆராய்ந்து வருகிறது. காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவையைக் கண்டால், கொடியின் நிறம், எழுத்து, எந்தக் காலில் இருந்தது என்பவற்றைக் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து வனத்துறையிடமோ அந்தக் கழகத்திடமோ தெரிவிக்க வேண்டும். பார்வையாளர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் அது.

சேற்றில் இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். மேலே காய்ந்து வெடித்ததுபோல் தோன்றும் சதுப்பு, அடியில் உளையாக இருக்கும். முழங்கால் வரை புதைந்தவர் தனியே மீள்வது கடினம்.

வேதாரண்யமும் அகஸ்தியன்பள்ளியும்

காலையில் காட்டையும் மாலையில் சதுப்பையும் வைத்துக்கொண்டால், இடைப்பட்ட பகலை ஊருக்குள் செலவிடலாம். "திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பது இந்தப் பக்கத்து வழக்கு. தேவாரத்தில் திருமறைக்காடு என்று பாடப்பெற்ற வேதாரண்யேசுவரர் கோயிலில், வேதங்கள் பூசித்து மூடிவிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார் என்றும், சம்பந்தர் பாடி மூடினார் என்றும் மரபு சொல்கிறது. அம்மனின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அவளுடைய குரலுக்கு முன்னே தன் வீணை ஈடாகாது என்பதால்தான் இங்குள்ள சரசுவதி கையில் வீணை இல்லாமல் இருக்கிறாள் என்பார்கள். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காட்டிலிருந்து திரும்பியதும் நேரே கோயிலுக்குப் போய்விடுவது நல்லது. மாசி மகப் பெருவிழாவின்போது ஊர் நிரம்பியிருக்கும்.

அங்கிருந்து கோடியக்கரைச் சாலையிலேயே அகஸ்தியன்பள்ளி. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவிலான தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, சுமார் 240 கி.மீ. நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார்கள். அந்தப் போராட்டத்தின் நினைவுத் தூண் இங்கே நிற்கிறது. வழியெங்கும் தொண்டர்களுக்கு உணவு தரக் கூடாது என்று தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தடை விதித்திருந்த சூழலில், வேதாரண்யத்தில் இந்தப் போராட்டத்தின் தூணாக நின்றவர் உள்ளூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை. நினைவிடத்தைப் பார்த்த கையோடு உப்பளங்களையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கதையின் பகுதிகள்.

உப்பு விளையும் முறை பார்க்கப் பார்க்க விளங்கும். உப்புநீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் செறிவூட்டி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படியவிடுகிறார்கள். முதலில் நீரின் மேல் மெல்லிய ஆடை படரும். அது கனத்து அடியில் அமர, நீண்ட மரப் பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். எதிர்பாராத கோடை மழை ஒன்று போதும், பல நாள் உழைப்பு கரைந்துவிடும். மழைக்கு முன் அம்பாரங்களைக் கீற்று வேய்ந்து மூடுவது அதனால்தான். வரப்புகள் குழைத்த மண்ணால் ஆனவை. அனுமதி கேட்காமல் அவற்றின் மேல் ஏறினால் உடைந்து, செறிந்த நீர் வெளியேறிவிடும். நண்பகலில் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம். தொழிலாளர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடியக்கரைக் கடற்கரைக்கு அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். காலையில் படகுகள் கரை சேரும் நேரத்தில் போனால் ஏலத்தைப் பார்க்கலாம். அருகே சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் சிதைந்தது. செங்கல் இடிபாடுகளே எஞ்சின.

கடலில் எச்சரிக்கை

நீரிணையில் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது மீன்பிடிப் படகில் அழைத்தால் மறுத்துவிட வேண்டும்; பயணிகளை ஏற்றிச் செல்ல அவற்றுக்கு அனுமதி இல்லை, சர்வதேச எல்லையும் தொலைவில் இல்லை. வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், குளிக்க ஏற்றதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்கள் நாள்தோறும் வானிலை அறிக்கையைப் பார்ப்பதோடு, நாகைத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். புயல் சின்னம் இந்தக் கரையை நோக்கி நகர்கிறது என்று தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. நடுவழியில் அகப்பட்டால் திருத்துறைப்பூண்டி வழியாக உள்நாடு திரும்புவது நல்லது. தாழ்வான கடற்கரைச் சாலைகள் முதலில் துண்டிக்கப்படும்.

முத்துப்பேட்டைக்குத் தனி நாள்

வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தூரம். இதைக் கோடியக்கரையோடு ஒரே நாளில் சேர்த்துவிட முயல்பவர்கள் இரண்டையும் அரைகுறையாகவே பார்ப்பார்கள். முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முந்தைய நாளே அனுமதியும் படகும் உறுதி செய்துகொண்டு, காலையில் படகு புறப்படும் ஜாம்புவானோடைக்குப் போய்விட வேண்டும். காலை வேளையில்தான் காயல் அமைதியாக இருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் ஆழமற்ற நீரில் குறுகிய, கடுமையான அலைகள் கிளம்பும். உயிர்காப்பு உடையை அணியாமல் படகில் ஏறக் கூடாது.

படகு கோரையாற்றின் வழியே தெற்கே போகும். தொடக்கத்தில் கரையோரம் புதர்களும் கருவேலமும் தெரியும். போகப் போக இருபுறமும் அலையாத்தி மரங்கள் நெருங்கி வந்து, பிறகு திடீரென்று காயல் விரியும். இங்கே பெரும்பான்மையாக இருப்பது வெண்கண்டல். கரையோரம் சேற்றிலிருந்து பென்சில் முனைகள்போல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். காற்றில்லாத சேற்றில் புதைந்த வேர்களுக்கு அவையே மூக்கு. படகு கிளையை உரசும் இடத்தில் ஓர் இலையைப் பறிக்காமலேயே திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். நறநறவென்று துகள்கள் ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. காலை வெயிலில் அந்த உப்புப் படிகங்கள் மின்னுவதையும் சில இலைகளில் காணலாம்.

உப்பைத் தாங்கும் மரம் என்றாலும் அதற்கு நன்னீரும் வேண்டும். மேட்டூர் அணை மரபாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. வயல்களில் பாய்ந்து வடிந்த நீர்தான் கடைமடை ஆறுகள் வழியே இந்தக் காயலை வந்தடைகிறது. கோடையில் ஆறு நின்றதும் காயலின் உப்பு ஏறுகிறது. காவிரியில் நீர் குறைந்த ஆண்டுகளில் மரங்கள் வளர்ச்சி குன்றி நிற்பதைப் பற்றி உள்ளூர் மீனவர்கள் விரிவாகப் பேசுவார்கள். அழிந்த திட்டுகளில் உப்பு தேங்காமல் இருக்க, நடுவே ஒரு பெருங்கால்வாயும் இருபுறமும் சாய்வான கிளைக் கால்வாய்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, நீரோட்டம் ஏற்படுத்திக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். படகோட்டியிடம் அந்தக் கால்வாய்களைக் காட்டச் சொல்லலாம். கஜா புயல் இந்தக் காட்டையும் கடுமையாகத் தாக்கியது. காட்டுக்குள் உள்ள மர நடைபாதைகளில் எவை திறந்திருக்கின்றன என்பதை அனுமதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீரையும் உணவையும் கரையிலிருந்தே எடுத்துப் போக வேண்டும். காலி புட்டிகளும் பைகளும் படகிலேயே திரும்பி வர வேண்டும்.

கரை திரும்பியதும் ஜாம்புவானோடை தர்காவுக்கும், பக்கத்திலுள்ள தில்லைவிளாகம் கோதண்டராமர் கோயிலுக்கும் போகலாம். தில்லைவிளாகத்து இராமரின் செப்புத் திருமேனியில் கை நரம்புகளும் நகங்களும் தெரியும்படி வடித்திருப்பதை, அர்ச்சகரிடம் கேட்டுத் தீப ஒளியில் பார்க்க வேண்டும்.

முத்துப்பேட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பும் வழியில் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2022-இல் இதுவும் ராம்சர் ஈரநிலமானது. இது பாசன ஏரி. மேட்டூர் நீரும் பருவமழையும் நிரப்பிய பிறகு நத்தைக்குத்தி நாரைகளும் கொக்குகளும் ஏரியின் நடுவே உள்ள மரங்களில் கூடு கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் மாலை 4 மணிக்கு மேல் போனால், இரை தேடப் போன பறவைகள் வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைக் கரையில் நின்றே பார்த்துவிட்டு, இரவு ரயிலையோ பேருந்தையோ பிடிக்கலாம். ஏப்ரலுக்குப் பிறகு ஏரி வற்றிவிடும். அப்போது அங்கே இறங்க வேண்டியதில்லை.